நாற்காலியும் ஊரும்: கிராமத் தன்னாட்சி குறித்த ஒரு திறனாய்வு

கிராமத் தன்னாட்சியைப் பற்றி நம் நாட்டில் இருவகைக் கருத்துகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. மக்கள் தம் ஊர்க் காரியங்களைத் தாமே கூடி முடிவு செய்யும்போதுதான் மக்களாட்சி வேர்கொள்ளும் என்பது ஒன்று. ஊரே சாதியின் கோட்டையாக இருக்கையில், அதனிடம் அதிகாரத்தை ஒப்படைப்பது எளியாரை வலியார் கையில் ஒப்படைப்பதாகும் என்பது மற்றொன்று. முன்னதற்குக் காந்தியடிகளையும் பின்னதற்கு டாக்டர் அம்பேத்கரையும் சான்று காட்டுவது வழக்கம். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இவ்விரு கருத்துகளையும் இனி அனுபவம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். கிராமங்களில் பணிபுரியும் ஆயர்களுக்கும், நாளை அங்குச் செல்லவிருக்கும் இறையியல் மாணவர்களுக்கும் இது வெறும் ஏட்டு ஆராய்ச்சியன்று. தம் சபையாரில் எவர் ஊராட்சி அலுவலகத்தினுள் நிமிர்ந்து நுழைகிறார், எவர் வாசலிலேயே நின்று விடுகிறார் என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

நம் ஆராய்ச்சியை ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம். "ஊராட்சி" என்னும் சொல்லில் உள்ள "ஊர்" எது? சட்டத்தின் கண்ணில் அது எல்லை வரையறுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பு. அதனுள் வாழும் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். ஆனால் நம் கிராமங்களின் பேச்சு வழக்கில் "ஊர்" என்றால் சேரியும் காலனியும் நீங்கலான பகுதி என்றே பொருள். ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டுப்பாடு, ஊர்ப்பொது ஆகிய சொற்கள் இந்த இரண்டாவது ஊரையே குறிக்கின்றன. சட்டம் படைத்த ஊர், வழக்கம் படைத்த ஊர் என இவ்வாறு இரண்டு ஊர்கள் ஒரே பெயரில் நிலவுகின்றன. இவை ஒன்றோடொன்று மோதும் இடத்திலேதான் கிராமத் தன்னாட்சியின் உண்மை நிலை வெளிப்படுகிறது என்பது நம் துணிபு.

1. பழம்பெருமையும் அதன் எல்லையும்

தன்னாட்சியின் தொன்மைக்குத் தமிழர் முதலில் எடுத்துக்காட்டுவது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை, ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாக எடுத்துரைக்கின்றன. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். பொதுப்பணத்தைக் கையாள்வோரிடம் இத்துணைக் கண்டிப்பு காட்டிய விதிகள் இன்றும் போற்றத்தக்கன.

எனினும் அக்கல்வெட்டுகள் கூறும் தகுதிகளையும் நாம் சேர்த்தே படிக்கவேண்டும். கால்வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது, வேதப்பயிற்சி ஆகியவை உடையவரே குடவோலையில் பெயர் எழுதப்படத் தக்கவர். அது ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலத்தை உழுதவருக்கும் ஏரிக்கு மண் சுமந்தவருக்கும் குடத்தில் ஓலை இல்லை. ஆகவே அச்சபை ஒரு குழுவினர் தமக்குள் நேர்மையாக நடத்திக்கொண்ட ஆட்சியாகும். உள்ளே இருப்பவரிடையே நேர்மையும், வெளியே இருப்பவர்மீது முழுமையான விலக்கும் ஒரே அமைப்பில் ஒத்திருக்கக் கூடும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

இதே எல்லையை இலக்கியத்திலும் காண்கிறோம். இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் 1916இல் வெளியிட்ட "பஞ்ச பரமேசுவரர்" என்னும் சிறுகதை, நடுவர் இருக்கையில் அமர்ந்தவன் நட்பையும் பகையையும் மறந்து நீதியே பேசுகிறான் என்பதைக் காட்டுவது. சும்மன், அல்கூ என்னும் இரு நண்பர்கள். முதலில் அல்கூ நண்பனுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கிறான். பின்னர்ப் பகைவனாகிவிட்ட சும்மன் அல்கூவுக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கிறான். பொறுப்பு மனிதனை உயர்த்தும் என்ற இக்கதையின் அறவுணர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கதையில் நடுவராக அமரும் இருவரும் ஊரார் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும் மனிதர்கள். எவரை அந்த இருக்கையில் அமர ஊர் ஒருபோதும் விடாதோ, அவர் தேர்ந்தெடுக்கப்பட்டால் என்ன நிகழும் என்னும் வினா அங்கு எழவேயில்லை. இருக்கை மனிதனை மாற்றும் என்கிறது கதை. அந்த இருக்கைக்கு மதிப்பளிப்பதா வேண்டாவா என்பதை ஊரே தீர்மானிக்கிறது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டிற்று.

2. காந்தியடிகளும் அம்பேத்கரும்

காந்தியடிகள் கனவு கண்ட கிராம சுயராச்சியம் பழைய ஊர்க்கூட்டத்தின் மறுபதிப்பு என்று கூறுவது நியாயமாகாது. 1942இல் "அரிசன்" இதழில் அவர் அதனை விவரித்தபோது, ஆண்களும் பெண்களும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழுவையே கூறினார். படிப்படியான தீண்டாமையோடு கூடிய சாதிப் பாகுபாடு அக்கிராமத்தில் இராது என்பதையும் சொன்னார். குறை வேறிடத்தில் இருக்கிறது. தீண்டாமை நீங்கிய கிராமத்தில் தன்னாட்சி எப்படி நடக்கும் என்பதை அவர் வரைந்து காட்டினார். தீண்டாமை நீங்காத கிராமத்தின் கையில் அதிகாரம் வந்தால் யார் யாரைக் கட்டுப்படுத்துவார் என்பதை அச்சித்திரம் தெளிவாக்கவில்லை.

அம்பேத்கர் இந்த வினாவையே விடாது எழுப்பினார். 1932இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா விவாதத்துக்கு வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க இயலாதென்றார். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசுகையில், கிராமத்தைப் போற்றுவோரைக் கடிந்து, அது குறுகிய மனப்பான்மைக்கும் அறியாமைக்கும் இருப்பிடம் என்றார். சட்டம் தனிமனிதனையே தன் அடிப்படை அலகாகக் கொண்டதை வரவேற்றார். அதே மாதம் 22ஆம் நாள், தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் கொணர்ந்த திருத்தத்தை அவர் ஏற்றுக்கொள்ள, கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது பற்றிய 40ஆவது பிரிவு வழிகாட்டும் நெறிகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

அம்பேத்கரின் எச்சரிக்கையைத் தன்னாட்சிக்கே எதிரான தீர்ப்பாகக் கொள்வாரும் உளர். 1932இல் அவர் கேட்டதை நோக்குவோமாயின், ஒடுக்கப்பட்டோருக்கு உரிய இடம் உறுதி செய்யப்படுவதை அவர் முன்நிபந்தனையாக்கினார் என்பது விளங்கும். அந்நிபந்தனை நிறைவேறுவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

3. சட்டம் திறந்த கதவு

1992 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73ஆவது திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிற்று. மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் மாநில நிதி ஆணையத்தையும் ஏற்படுத்திற்று. 29 துறைகளைப் பதினோராம் அட்டவணையில் வகுத்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடங்களை ஒதுக்கிற்று. உறுப்பினர் இடங்களில் மட்டுமின்றித் தலைவர் பதவிகளிலும் இவ்வொதுக்கீடு வந்தது. தமிழகத்தில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996 அக்டோபரில் முதல் தேர்தல் நடைபெற்றது. ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளைக் கொண்ட இம்மாநிலத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது.

உறுப்பினர் பதவியில் ஒதுக்கீடு வந்தபோது ஊர் அதிகம் கலங்கவில்லை. தலைவர் பதவி ஒதுக்கப்பட்டபோதுதான் கொந்தளிப்பு எழுந்தது. காரணம் வெளிப்படை. தலைவரே கூட்டத்தை நடத்துகிறவர்; திட்டங்களுக்கு ஒப்பமிடுகிறவர்; சுதந்திர நாளில் கொடியேற்றுகிறவர். நேற்றுவரை "ஊர்" என்னும் சொல்லுக்குள் வராத ஒருவர் ஊரின் பெயரால் பேசும் நிலை அதனால் உண்டாயிற்று.

4. மேலவளவும் பாப்பாபட்டியும்

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுச்செய்தோர் அச்சுறுத்தலுக்கு அஞ்சி விலகினர். அடுத்த முறை வாக்குச்சாவடிகள் சூறையாடப்பட்டன. இறுதியில் 1996 டிசம்பர் 31ஆம் நாள் காவல்துறையின் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் வெற்றி பெற்றார். 1997 ஜூன் 30ஆம் நாள், மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்புகையில், அவரும் உடன்வந்த ஐவரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 2009இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவர்களுள் 13 பேர் 2019இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்.

அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. தேர்தல் மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டும் எவரும் மனுச்செய்யவில்லை. அல்லது ஊர் நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகினார். 1996 முதல் 2006 வரை பத்தாண்டுக் காலம் இந்நிலை நீடித்தது. 2006 அக்டோபரில் மாவட்ட நிர்வாகத்தின் இடைவிடாத முயற்சியாலும், அரசியல் கட்சிகளும் இயக்கங்களும் கொடுத்த அழுத்தத்தாலும் அங்கே தேர்தல் முறையாக நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவியில் நிலைத்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்கவேண்டும். மேலவளவில் சிந்திய குருதி நாட்டை உலுக்கிற்று. பாப்பாபட்டியின் மௌனம் பத்தாண்டுகள் கடந்தது. கோட்பாட்டளவில் நோக்கினால் இரண்டாவதே நம்மை மிகுதியாகச் சிந்திக்க வைப்பது. அங்கே சட்டத்தின் வடிவம் எதுவும் மீறப்படவில்லை. அறிவிப்பு வந்தது, மனுக்கள் பெறப்பட்டன, வெற்றி அறிவிக்கப்பட்டது, விலகல் கடிதம் ஏற்கப்பட்டது. மக்களாட்சியின் சடங்குகள் யாவும் நிறைவேறின. மக்களாட்சி மட்டும் நிகழவில்லை. நிலமும் கூலியும் கடனும் ஒரு சாரார் கையில் இருக்கும் இடத்தில், வழக்கத்தின் ஊர் சட்டத்தின் ஊரை எதிர்க்கவேண்டிய தேவையே இல்லை. அதனைத் தன் கருவியாகவே கொள்ளலாம்.

தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடும் செய்திகள் 2019, 2021ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போதும் வெளிவந்தன. போட்டியின்றி ஒருமனதாகத் தேர்வு என்று கேட்டவுடன் நாம் மகிழ்கிறோம். குசராத்து மாநிலத்தில் ஒருமனதாகத் தேர்வு செய்யும் ஊராட்சிகளுக்கு அரசே ஊக்கத்தொகை வழங்கும் "சமரசத்" திட்டம் 2001இல் அறிவிக்கப்பட்டது. எவருடைய மனங்கள் சேர்ந்து அந்த ஒரு மனம் ஆயிற்று என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

5. கையொப்பமும் தரையும்

தேர்தலில் வென்று பதவியில் அமர்ந்தபின் நிகழ்வது போராட்டத்தின் அடுத்த கட்டம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுப்பதற்குத் தலைவர், துணைத்தலைவர் இருவரின் ஒப்பமும் வேண்டும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் வார்டு உறுப்பினர்கள். பொதுப்பணத்தைக் காக்கும் பொருட்டு ஏற்பட்ட இவ்விதியில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் உறுப்பினர் பெரும்பான்மையும் துணைத்தலைவர் பதவியும் ஆதிக்கச் சாதியாரிடம் இருந்தால், அவர் ஒப்பமிட மறுத்த அன்றே தலைவரின் கை கட்டுண்டுபோகும். குடிநீர்க் குழாய் பழுதுபார்க்கப் பணம் இராது, தெருவிளக்கு எரியாது, தலைவருக்கு நிருவாகத் திறமை இல்லை என்ற பேச்சும் உடன் எழும். தடுத்தவர் மறைந்திருக்க, தடுக்கப்பட்டவர் குற்றவாளி ஆகிறார். சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கைக்கு இப்பேச்சு அடித்தளமாகவும் கூடும்.

2020ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் அக்டோபரில் வெளிவந்தது. வழக்குப் பதிவாயிற்று, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் தலைவர் ஒருவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து ஆட்சியர் தலையிட்டு அவரையே ஏற்றச் செய்தார். 2022 ஆகஸ்டில், சாதிப் பாகுபாடின்றி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு எழுதவேண்டியிருந்தது.

நாற்காலியும் கொடிக்கயிறும் அற்பக் காரியங்கள் என்று சிலர் எண்ணலாம். ஊர் அவ்வாறு எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அவற்றை விட்டுக்கொடுத்திருக்கும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை எவருக்கு என்பதில் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் சமுதாயம் அடையாளங்களின் ஆற்றலை நன்கு அறியும்.

6. "அமைதி கெட்டது" என்னும் வாதம்

இவற்றையெல்லாம் கண்டு, ஒதுக்கீடு வந்ததால்தான் கிராமத்தின் அமைதி கெட்டது என்பார் உளர். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஏனெனில் அடிபட்ட மக்களே சில வேளைகளில் இதனைச் சொல்லக் கேட்கிறோம். ஆறு உயிர்களைப் பறிகொடுத்த மக்களிடம் பதவியின் பெருமையைப் பேசுவது எளிதன்று. ஆயினும் முன்பு இருந்தது என்ன என்று கேட்போமாக. ஒருவர் பேச, மற்றவர் பேசாதிருந்தமையால் வந்த ஓசையின்மையை அமைதி என்று பெயரிடலாகாது. சட்டம் பகையைப் படைக்கவில்லை. பழகிப்போய்க் கண்ணுக்குப் படாதிருந்த பகையைப் பகலில் நிறுத்திற்று.

மறுபுறம், சட்டம் வந்தது. எல்லாம் காலப்போக்கில் சரியாகும் என்னும் நம்பிக்கையையும் நாம் ஏற்பதற்கில்லை. நான்கு ஊராட்சிகளில் 2006இல் ஏற்பட்ட மாற்றம் காலம் தானே கனிந்து தந்ததன்று. பலர் ஊர்தோறும் சென்று பேசியதன் பயன். தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோர் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதும், மனுச்செய்வதைத் தடுப்பதும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 2016 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு ஊர்வழக்கம் எனப்பட்டது இன்று தண்டனைக்குரிய செயல். பெயர் மாறியதே ஒரு பெரிய மாற்றம்.

ஆகவே காந்தியடிகளா, அம்பேத்கரா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் வினாவை அமைப்பதே பிழை என்று நாம் கருதுகிறோம். அதிகாரம் மக்களுக்கு அருகில் வரவேண்டும் என்பது சரி. அருகில் வரும் அதிகாரத்தை ஊரிலுள்ள வலியார் கவர்ந்துகொள்ளாதிருக்க, ஊருக்கு வெளியேயுள்ள சட்டத்தின் கை நீண்டிருக்க வேண்டும் என்பதும் அவ்வளவே சரி. நிலமும் கூலியும் மாறாதவரை இருக்கையால் மட்டும் விடுதலை வாராது. ஆனால் இருக்கை கிடைத்தபின்தான் நிலத்தையும் கூலியையும் பற்றி அச்சமின்றிப் பேச ஓரிடம் உண்டாகிறது.

7. நமக்குரிய பங்கு

இவ்வாராய்ச்சி திருச்சபையை இரண்டிடங்களில் நேராகத் தொடுகிறது. முதலாவது, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தாழ்த்தப்பட்டோர் என்னும் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கிற்று, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஒரே தெரு, ஒரே கூலி, ஒரே இழிசொல். ஆயினும் ஞானஸ்நானம் பெற்றவர் ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்க இயலாது. இது நம்மவரின் உரிமைப் பிரச்சினை என்று மட்டும் கொண்டு, அதே தெருவில் நின்று வென்ற கிறிஸ்தவரல்லாத ஊராட்சித் தலைவரின் துன்பத்தில் நமக்குப் பங்கில்லை என்று ஒதுங்குவோமாயின், நம் கோரிக்கையின் அறவலிமையை நாமே இழப்போம்.

இரண்டாவது, சபைக் கமிட்டியும் சேகரமும் தன்னாட்சி அமைப்புகளே. அங்கும் வாக்குண்டு, அங்கும் ஒருமனதாகத் தேர்வு உண்டு. ஊராட்சியைப் பற்றி நாம் கேட்ட வினாக்கள் யாவும் அங்கும் கேட்கத்தக்கவை: எவர் ஒப்பமிடுகிறார், எவரிடம் சாவி இருக்கிறது, எவர் எங்கே அமர்கிறார்?

ஆயர் ஊராட்சி அரசியலில் கட்சி சேரவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் கிராம சபை ஊரிலுள்ள வாக்காளர் அனைவருக்கும் உரிய மன்றம். தமிழகத்தில் ஆண்டுக்கு நான்காக இருந்த அதன் கூட்டங்கள் 2022இல் ஆறாக உயர்ந்தன. அங்கு வரவுசெலவு படிக்கப்படும், தீர்மானம் எழுதப்படும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால், கணக்கைக் கேட்கத் துணியாத பத்துப்பேர் கேட்கத் துணிவர். மே முதல் நாளிலும் அக்டோபர் இரண்டாம் நாளிலும் நம் சபையார் எங்கே இருக்கின்றனர்? அந்நாள்களில் ஆலயத்தில் தனி விழா வைத்து அவர்களை மன்றத்திலிருந்து நாமே விலக்கிவிடுகிறோமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. நாட்குறிப்பைப் புரட்டினால் போதும்.

ஊராட்சி என்னும் சொல்லிலுள்ள ஊர் எது என்று தொடக்கத்தில் கேட்டோம். சட்டம் அதற்கு விடை எழுதிவிட்டது. அவ்விடையை வழக்கமும் ஏற்றுக்கொள்ளும் நாளில், காலனியிலிருந்து வந்த ஒரு பெண் தலைவரின் நாற்காலியில் அமர்வது எவருக்கும் செய்தியாக இராது.